ஒரே ஒரு சுற்று

“ஒரே ஒரு தடவை சுத்திக் காட்டுங்க சார். அது போதும்.”

ஷிகெயோ இப்படிக் கேட்டதும் திரையில் இருந்த நாற்பது முகங்களும் நிமிர்ந்தன.

ஒஹாயோவின் பழைய கைத்துப்பாக்கி சேகரிப்போர் குழு அது. சனிக்கிழமை காலைகளில் இணையத்தில் கூடும். தலைவர் வெண்டல். அவர் ‘அசல்’ என்று சொன்னால் அசல்தான். பதினான்கு வருடமாக அதற்கு மேல் பேச்சில்லை. ஒசாகாவிலிருந்து குழுவில் சேர விண்ணப்பித்த ஷிகெயோவை வரவேற்கும் விதமாக, வெண்டல் தன் பொக்கிஷத்தின் படத்தைத் திரையில் போட்டிருந்தார். நூற்றுப்பத்து வயதான ரிவால்வர். ஒரு குண்டுகூடச் சுடாதது.

“ஏம்ப்பா, உங்க ஊர்ல இதைத் தொட்டாலே பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களாமே. நீ எதைச் சேக்கிற?” என்றார் ராஸ்கோ. குழுவில் வெண்டலுக்கு அடுத்த ஆள்.

“படம்தான் சார். படத்துக்கு ஜெயில் இல்ல.”

சிலர் சிரித்தார்கள்.

“அதான் உனக்கு விஷயம் தெரியல. கேட்டுக்க. குண்டு போடற உருளை இருக்கு பாரு, அதை ஒரு தடவை சுத்தினாலும் மெல்லிசா ஒரு கோடு விழும். விழுந்தா பாதி மதிப்பு போச்சு. அதனால எங்க ஆளுங்க சுத்தவே மாட்டோம். விக்கிறவனும் விடமாட்டான், வாங்கறவனும் கேக்க மாட்டான்.”

“அப்ப அது சுத்தும்னு எப்படித் தெரியும்?”

வெண்டலுக்குச் சுருக்கென்றது.

“நீங்க என்ன சொல்ல வர்றீங்க?”

“ஒண்ணுமில்ல சார். சும்மா கேட்டேன்.”

“போலின்னு சொல்றார். அதைத்தான் மரியாதையா சொல்றார்,” என்றாள் வெர்னா, பான்கேக்கை மென்றுகொண்டே. “காட்டிடுங்களேன் வெண்டல். கோடு விழுந்தா என்ன, விக்கவா போறீங்க?”

வெண்டல் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“சரி. இப்பவே சுத்திக் காட்டறேன். சுத்தலேன்னா தலைவர் பதவியை விட்டுட்டுப் போயிடறேன். சுத்திச்சுன்னா, மிஸ்டர் ஷிகெயோ, நீங்க அப்புறம் இந்தக் குழுப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது.”

“சம்மதம் சார்.”

“தலைவரே, வேண்டாம்,” ராஸ்கோ குறுக்கே புகுந்தார். “இவன் கேட்டான்னு நீங்க ஏன் இறங்கி வர்றீங்க?”

“இன்னைக்கு உங்களைக் கேப்பான், நாளைக்கு எங்க எல்லாரையும் கேப்பான்,” என்றார் லைல்.

டெல்பர்ட்டுக்கு முகமே சிவந்துவிட்டது. “நூத்திப்பத்து வருஷமா யாரும் கை வைக்காத பொருள்யா. உனக்குக் கை கூசாதா?”

இன்னும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தியதில் அவர்கள் சொன்னது யாருக்கும் புரியவில்லை. வேண்டாம் என்பது மட்டும் புரிந்தது. மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“நான் முடிவு பண்ணியாச்சு. என் துப்பாக்கி மேல எனக்கு நம்பிக்கை இருக்கு,” என்று எழுந்தார் வெண்டல்.

இரும்புப் பெட்டி பின்னறையில் இருந்தது. வெள்ளைப் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டார். வெல்வெட் துணியை விலக்கினார். திரை முன்னால் தடுமாறி மானம் போகக் கூடாதே என்று, முதலில் இங்கேயே சுற்றிப் பார்க்கக் கட்டைவிரலை மெல்ல உருளைமேல் வைத்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது கையில் துப்பாக்கி இல்லை.

“என்ன வெண்டல், இவ்வளவு நேரம்? தேடினீங்களா?” வெர்னா கேட்டாள்.

“யோசிச்சேன்.” ஒரு கோப்பைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். “நேத்து வந்த ஒரு ஆளு, நம்ம பொருளை சுத்திக் காட்டுன்னு நம்ம கிட்டயே கேக்கறதா? என்ன திமிரு. நான் சுத்த மாட்டேன். இந்தக் குழுவுல எவனும் சுத்தக் கூடாது. இன்னையிலேருந்து அதை எழுத்துல சட்டமாவே போடறேன்.”

“இதான் தலைவர்,” ராஸ்கோ கைதட்டினார். லைலும் டெல்பர்ட்டும் சேர்ந்துகொண்டார்கள்.

“போகும்போது ஒண்ணு சொன்னீங்க, வரும்போது ஒண்ணு சொல்றீங்க,” என்றாள் வெர்னா.

“நீ பான்கேக்கைக் கவனி தாயி,” என்றார் ராஸ்கோ.

“இந்த ஆளைச் சேக்க வேண்டாம்ங்கறவங்க கை தூக்குங்க,” என்றார் வெண்டல்.

கைகள் எழ ஆரம்பித்தன. அவர் எண்ணத் தொடங்கியபோது, திரையின் மூலையில் அவருக்கு மட்டும் ஒரு குறிப்பு வந்து விழுந்தது. ஷிகெயோவிடமிருந்து.

‘மதிப்புக்குரிய தலைவருக்கு, அது சுற்றாது. உருளையும் உடம்பும் ஒரே வார்ப்பு. இருபது வருடத்துக்கு முன் ஒரு சினிமாவுக்காக நான் அப்படி ஆறு பொம்மைகள் செய்தேன். படப்பிடிப்பு முடிந்ததும் ஆறும் காணாமல் போயின. யாரிடம் இருக்கின்றன என்று பார்க்கத்தான் வந்தேன். நீங்கள் சுற்றச் சம்மதித்ததும் ஐந்து பேர் வேண்டாம் என்று கத்தினார்கள். ஆறாவது குரல், நீங்கள் உள்ளே போய்விட்டு வந்த பிறகு கேட்டது.’