வாரத்துக்கு ஒரு மணி நேரம்

லாண்டரிச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார் அப்பா. தலைமையாசிரியர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஆறு வயது மகளின் காதில் என்னவோ சொன்னார். பக்கத்தில் நின்ற தமிழ் டீச்சருக்கு அதில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. இருந்த படபடப்பில் எதுதான் பிடிபடும்.

அந்த வெளிநாட்டுப் பள்ளியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடக்கும் தமிழ் வகுப்பு அது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் நடக்கும், ஒன்பதானால் மூடிவிடுவார்கள். பத்தாவது பிள்ளை இந்தச் சிறுமிதான். பள்ளியில் சேர்ந்தே மூன்று வாரம் ஆகிறது.

டீச்சர் ஆள் பிடித்து எண்ணிக்கை காட்டுகிறாரோ என்று கல்வி அதிகாரிக்குச் சந்தேகம். பெற்றவர் வாயால் கேட்டால்தான் கையெழுத்து என்றுவிட்டார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தன் மொழியில் அவர் கேட்டதற்கு அப்பா திருதிருவென்று விழித்தார். அதிகாரி முன்னால் யாருக்குத்தான் நாக்கு எழும் என்று டீச்சரே நடுவில் நின்று கேள்வியைத் தமிழில் சொன்னார். மகளுக்கு இந்தப் பாடம் எதற்கு?

“இது தெரியாம எப்படிங்க பொழைக்கிறது? முதலாளி, வீட்டுக்காரம்மா, மளிகைக்கடைக்காரரு, எல்லாருகிட்டயும் இதுதானே பேச வேண்டியிருக்கு. வந்த புதுசுல நான் பட்ட பாடு எம்பொண்ணு படக் கூடாது.”

டீச்சர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். எத்தனையோ தகப்பன்மார் இதே நாற்காலியில் உட்கார்ந்து பண்பாடு, பெருமை என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். பிழைப்போடு சேர்த்துச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். “உங்களாலதான் வகுப்பு தப்பிச்சுதுண்ணே.”

அப்பாவுக்கு அதிலும் திருப்தியில்லை. ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு என்றார். இரண்டு மணி நேரமாவது ஆக்கித் தரச் சொல்லி அந்த ஐயாவிடம் கேட்கக் கூடாதா என்றார். இப்படி ஒரு தகப்பனா என்று டீச்சருக்குக் கண் கலங்கியது.

“எங்க பாஷையை வீட்ல நாங்க பாத்துக்குவோம் டீச்சர். இந்த நாட்டு பாஷையை நீங்கதான் நல்லா சொல்லிக்குடுக்கணும்.”

டீச்சர் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

அப்பா மூடியிருந்த வகுப்பறைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஆமா, மத்த நேரமெல்லாம் இங்க நடத்துறாங்களே, அது எந்த நாட்டு பாஷை?”