ஐயாயிரத்துக்கு மேல்

மாப்பிள்ளையின் காரிலிருந்து நான்காவது ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துணியில் வைத்தபோது மணி மூன்று.

மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குப் பேத்திக்குப் பள்ளிக்கூடம் விடும். அதற்குள் கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால், நாளைக்கு வண்டியைப் பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போவதாக மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

மரியாதையாகச் சொன்னதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

முப்பத்தோரு வருஷத்தில் ‘தெரியலை’ என்றோ ‘என் தப்பு’ என்றோ நான் ஒரு வண்டியையும் திருப்பி அனுப்பியதில்லை. அதிலும் இது நானே டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டி, நானே வேகத்துக்கு ட்யூன் செய்து கொடுத்த வண்டி. மாப்பிள்ளை அதை ஓட்டிக் காட்டாத சிநேகிதர் இல்லை.

கோளாறும் வேடிக்கையானது. இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்று ஓடும் வரைக்கும் வண்டி சொன்னபடி கேட்கும். அதைத் தாண்டி அழுத்தினால் திக்கும். அழைக்காத வீட்டு வாசலில் நிற்பவரைப் போல, போகலாமா வேண்டாமா என்று தயங்கும். காலைத் தளர்த்தினால் மறுபடியும் சமர்த்து.

இந்த மாதிரிக் கோளாறு கிடைத்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மூன்று வாரமாக அதே நினைப்பு. குளிக்கும்போதுகூட ஐயாயிரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் என் மெக்கானிக் கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வேலை கற்றுக்கொண்ட மகளும் விடவில்லை. தினமும் போனில் ஒரு யோசனை சொன்னாள்.

“பிளக்கெல்லாம் நீங்க போட்டதுதானேப்பா, அதுல என்ன வரப்போகுது? பம்ப்பைப் பாருங்க.”

பம்ப்பைப் பார்த்தேன். பெட்ரோல் அழுத்தம் கச்சிதம். காற்றுக் குழாயில் கசிவு இருக்கும் என்றாள். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. சென்சார் என்றாள். அதை மாற்றியே விட்டேன். ஒவ்வொன்றும் தப்பாகப் போனாலும், என்னைப் போலவே யோசிக்கிறாளே என்று பெருமையாக இருந்தது.

பிளக்கை மட்டும் நான் தொடவில்லை. மூன்று மாதம் முன்னால் என் கையால் போட்டது. என் கையை நானே சந்தேகப்படுவேனா? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

இன்றைக்கு வேறு வழி இல்லாமல் கழற்றினேன். பிளக் முனையின் இடைவெளியை அளக்கிற, பல கனத்தில் தகடுகள் கோத்த என் ஃபீலர் கேஜை ஒரு மாதமாகக் காணோம். பக்கத்து டயர்க் கடைக்காரர் மேல் சந்தேகம் வந்து, அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். அதனால் ஒரு ஆக்ஸா பிளேடை எடுத்து, பிளக்கின் முனையில் நுழைத்துப் பார்த்தேன். நான் வைத்த இடைவெளி, அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அப்படியே இருந்தால் பிளேடை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

பிளேடு உள்ளே போய் ஆடியது.

அடப்பாவி, இதுதானா! இடைவெளி அகன்றுவிட்டால், டர்போ தள்ளுகிற காற்றில் தீப்பொறி நிற்காது. பெருங்காற்றில் தீக்குச்சி கிழிப்பது மாதிரி. மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகம் ஏறினால்தான் அணையும். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

இரண்டாவது பிளக்கிலும் பிளேடு ஆடியது. மூன்றாவதிலும், நான்காவதிலும் அதே ஆட்டம்.

சந்தோஷம் அங்கேயே நின்றுவிட்டது.

தேய்மானம் என்றால் நாலும் நாலு விதமாகத் தேய்ந்திருக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. இது தேய்ந்தது இல்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து, அளந்து, அகற்றி வைத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்குப் பானெட் திறக்கவே நான் வர வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன்.

மாப்பிள்ளையோடு வந்திருந்த மகள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டிப் பார்ப்பதற்காக நான் கழற்றி வைத்த பேத்தியின் குட்டி இருக்கை அவள் பக்கத்தில் இருந்தது. அதன் பெல்ட் கொக்கியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிளக்குகளை அவள் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிஷப் பள்ளிக்கூடத்துக்கு அப்பா காரில் ஒன்பதே நிமிஷம் என்று பேத்தி ஒருநாள் சொன்னாள். கடைக்கு வந்தவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன். வண்டி வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்களேன் அப்பா என்று மகள் ஒரே ஒரு தடவை கேட்டாள். வண்டியின் குணமே போய்விடும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் சிரித்தேன்.

துணியின் ஓரத்தை மடித்து நாலு பிளக்கையும் மூடினேன்.

“கிடைச்சுதா மாமா?” என்றார் மாப்பிள்ளை.

“கிடைச்சுது மாப்பிள்ளை. தப்பு என்னோடதுதான். இந்த இன்ஜின் இவ்வளவு டர்போ தாங்காது. கம்பெனியில இருந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ, அப்படியே மாத்திடறேன்.”

அதில் பாதிதான் பொய்.

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. உங்களுக்கே தப்பாகிவிட்டதா மாமா என்று இரண்டு தடவை கேட்டார். இனி ஒரு சிநேகிதர் விடாமல் இதைச் சொல்லுவார். சொல்லட்டும்.

லேப்டாப்பை இணைத்துப் பழைய புரோகிராமை ஏற்றினேன். பிளக்குகளின் இடைவெளியைச் சரிசெய்து மாட்டினால் வேலை முடிந்தது. அதற்கு ஆக்ஸா பிளேடே போதும்தான். ஆனாலும் பேத்தி போகிற வண்டி, அளவு பிசகக் கூடாது.

யாரையும் பார்க்காமல், எதுவும் கேட்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டினேன்.

பெஞ்சுப் பக்கமிருந்து கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

என் ஃபீலர் கேஜ் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அதில் ஒரு மில்லிமீட்டர் தகடு மட்டும் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.