தலைவர் படமும் கிழட்டுச் சர்வரும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் போனுக்கு ஜென்மத்துக்கும் சிக்னல் கிடைக்காமல் போகட்டும்.

எந்தத் தெருவுக்கு எப்போது குழாய்த் தண்ணீர் வரும் என்று சொல்லும் இணையதளம் ஒன்றை ஒரு கிழட்டுச் சர்வர் சுமந்துகொண்டிருந்தது. பக்கம் திறப்பதற்குள் தண்ணீர் வந்து நின்றே போகிறது என்று சனங்கள் திட்டினார்கள். திங்கட்கிழமையும் இப்படியே இருந்தால் சர்வரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவது என்று நகராட்சி அலுவலகத்தில் முடிவானது.

தவறு யாருடையது என்று சர்வருக்குத் தெரியும். பக்கத்தின் உச்சியில் தலைவரின் படம் உட்கார்ந்திருந்தது. தெருமுனை பேனருக்காக எடுத்த படம், யானைக் கனம். அது முழுசாக இறங்கும்வரை தண்ணீர் நேரம் பின்னால் காத்து நிற்க வேண்டும்.

"ஐயா, கொஞ்சம் சுருங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடைசியில் வாருங்கள்," என்றது சர்வர்.

"நான் சுருங்குவதா? மீசையில் ஒரு முடிகூடக் குறையாது. முதலில் நான், அப்புறம்தான் தண்ணீர்."

சர்வர் அதற்குமேல் கெஞ்சவில்லை. தன் அமைப்பைத் தானே திருத்தி, தண்ணீர் நேரத்தை முன்னால் இழுத்து, படத்தை வரிசையின் வாலுக்குத் தள்ளியது. பக்கம் பட்டென்று திறந்தது. சனங்கள் நேரத்தைப் பார்த்ததும் குடத்தோடு ஓடினார்கள். படம் வரும்வரை ஒருவரும் நிற்கவில்லை. திங்கட்கிழமை வந்த காயலான் கடை வண்டி காலியாகத் திரும்பியது.

படம் கொதித்தது. "தலைவரிடம் சொல்லி உன் வயரைப் பிடுங்க வைக்கிறேன் பார்."

"தாராளமாகச் சொல்லு," என்றது சர்வர். "அப்புறம் உன் முகத்தை எங்கே காட்டுவாய் என்பதையும் அவரிடமே கேட்டு வை."

யார் சொன்னதென்று கேட்டால் ரவுட்டர் உளறியதாகச் சொல்லிவிடுங்கள். என் தெருவுக்கும் தண்ணீர் வர வேண்டுமில்லையா?