கடிகாரம் இல்லாத போர்டு

“நெட் வந்துட்டா தானா சரியாயிடும்னு எத்தனை தடவை...”

“நெட் வர அரை மணி நேரம் ஆகுதே, அதுவரைக்கும்...”

“முழுசா சொல்ல விடேன்!”

“நீ சொல்லிக்கிட்டே இரு, நான் எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிக்கிட்டே இருக்கேன்!”

கிளினிக் வரவேற்பு மேசையில் தங்கை. எதிரே, தோளில் பை மாட்டியபடி அண்ணன். இருவருக்கும் மேலே டோக்கன் எண்களைக் காட்டும் திரை. அதன் பின்னால் சீட்டுக்கட்டு அளவுப் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. அண்ணனுடைய கம்பெனி செய்தது. தங்கைதான் டாக்டரிடம் சிபாரிசு செய்து வாங்க வைத்தாள்.

“கரண்ட் போய் வந்தா பழைய தேதியைக் காட்டுது. ஒவ்வொரு தடவையும் அதே தேதி. இன்னைக்கே மாத்திக் குடு.”

முன் வரிசையில் இருந்த பெரியவர் தலையை நீட்டினார். “விட்டுடும்மா. இங்க வந்து உக்காந்தா எனக்கு ஏழு மாசம் வயசு குறையுது.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணனுக்குக் காது மடல் சூடாகியது.

“மெதுவாப் பேசேன். இத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கறியே.”

“உன் மானத்தைக் காப்பாத்தறதே எனக்குப் பொழைப்பாப் போச்சு. அப்பா போன அன்னைக்கு மத்தியானமே கிளம்பி, பஸ் பழுதாகி நடு ரோட்டுல நின்னே. ‘ஏன் அவன் நேரத்துக்கு வரலை’ன்னு அம்மா இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ‘பாவம்மா, அவன் என்ன பண்ணுவான்’னு உனக்காகப் பேசறது நான். இப்ப உன் பெட்டியும் அதே மாதிரி நடு ரோட்டுல நிக்குது!”

அவன் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தான். சரியாக இருந்த வாரைத்தான்.

“பெட்டிமேல தப்பு இல்ல” என்றான், குரலைத் தாழ்த்தி. “இந்த மாதிரி சின்ன போர்டுல கடிகாரத்துக்குன்னு தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போனா நேரம் மறந்துபோயிடும். நெட் வந்ததும் கேட்டுத் தெரிஞ்சுக்கும்.”

“மறந்து போச்சுன்னா கண்ட தேதியையும்ல காட்டணும்? ஏன் ஒரே தேதி? ஏனோதானோன்னு செஞ்சிருக்கே.”

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. பத்து வருஷமாகச் செய்கிற வேலை.

“ஏனோதானோவா? போர்டை ஓட்டற லினக்ஸ்ல ஆரம்பிச்சு உன் டோக்கன் நம்பர் வரைக்கும் மொத்தத்தையும் ஒரே ஃபைலா நான் பில்ட் பண்றேன். இமேஜ்னு பேரு. அதைத்தான் நூத்தி இருபது மெமரி கார்டுலயும் அப்படியே ஏத்தினோம். நேரம் தெரியலைன்னா போர்டு அந்த இமேஜ் பில்ட் ஆன நேரத்துல இருந்து எண்ண ஆரம்பிக்கும். அதுக்கு முன்னால அது பொறக்கவே இல்லையே!”

“அப்ப அது அந்த இமேஜ் பொறந்த நேரம்?”

“நிமிஷம் உட்பட.”

“வேற யாராவது பண்ணியிருக்கலாம்...”

“எங்க ஆபீஸ்ல இமேஜ்ல கை வைக்கறது நான் ஒருத்தன்தான். என் சீட்டுல உக்காந்து, நானே பட்டனைத் தட்டினாத்தான் பில்ட் ஆகும்.”

“நேரம் முன்னே பின்னே இருக்காதா?”

“என்ன நீ, போலீஸ் மாதிரி கேக்கறே? அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

தங்கை குனிந்து சுவிட்சை அணைத்தாள். நெட் வயரைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். திரும்பவும் சுவிட்சைப் போட்டாள்.

“இன்னும் ஒழுங்கா ஒரு தடவைகூட நீ நிமிர்ந்து பாக்கலை. பாரு.”

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. பிறகு பச்சைப் பின்னணி. நடுவில் டோக்கன் எண் ஒன்று. மேல் மூலையில், மார்ச் 11, மாலை 4:52.

அண்ணனின் பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் வந்து நின்றது. அதை ஏற்றிக்கொள்ளவும் அவனுக்குத் தோன்றவில்லை.

பெரியவர் தன் சீட்டைப் பார்த்து, “என் நம்பர் வந்துடுச்சா?” என்றார்.

தங்கை மேசையைச் சுற்றிக்கொண்டு அவன் அருகில் வந்தாள். இதுவரை ஊருக்கே கேட்டவளின் குரல் இப்போது அவனுக்கு மட்டும் கேட்டது.

“நாளைக்குக் காலைல அம்மாவைக் கண் காட்ட இங்கதான் கூட்டிட்டு வர்றேன். அப்பா போன அன்னைக்குச் சாயங்காலத்தை இது ஏன் காட்டுதுன்னு கேட்டா, நீ பஸ்ஸுல இருந்தேன்னு நான் மறுபடியும் சொல்லணுமா அண்ணா?”