காமாக்ஷி விழுங்கிய சொல்

“கொறையவே கொறையாது. வருஷா வருஷம் இவ்வளவுன்னு நிச்சயமா வந்துண்டே இருக்கும்” என்றாள் காமாக்ஷி.

பொய்.

எதிரே பாயில் உட்கார்ந்திருந்த ஜஹனாரா, கையிலிருந்த விண்ணப்பத்தாளை மெதுவாகக் கீழே வைத்தாள்.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் கடைசி வீடு. ஆண் ஏஜென்ட்டாக இருந்தால் வாசல் திரையோடு சரி. பெண்பிள்ளை வெயிலில் நிற்கிறாளே என்று ஜஹனாரா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, விசிறியும் டீயும் கொடுத்திருந்தாள்.

காமாக்ஷி விற்க வந்தது யூனிட். ஒன்று பத்து ரூபாய்ச் சொச்சம். ஊரில் பலபேர் போடும் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, பல மில்லிலும் கம்பெனியிலும் பங்கு வாங்கிப் போடுவார்கள். வருகிற லாபத்தைப் பணம் போட்டவர்களுக்கே பிரித்துக் கொடுப்பார்கள். தனியாக ஒரு மில் வாசலில் போய் நிற்கக்கூட வக்கில்லாதவர்கள் எல்லா மில்லுக்கும் துளித் துளி முதலாளி.

இதைக் காமாக்ஷி அழகாகச் சொல்லுவாள். மயிலாப்பூரில் அவள் ஏறாத படி இல்லை.

ஆனால் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள். விலை இறங்குமா?

காமாக்ஷிக்குப் பொய் வராது. “ஏறவும் ஏறும், எறங்கவும் எறங்கும் மாமி” என்பாள். உடனே மாமிக்கு அடுப்பில் எதையோ வைத்தது ஞாபகம் வந்துவிடும். எல்லா வீட்டிலும் காபி கிடைத்தது. கையெழுத்துதான் ஒரு வீட்டிலும் கிடைக்கவில்லை.

“அந்த ஒரு வார்த்தைய முழுங்கிட்டா நோக்கு அஜீர்ணமா வந்துடும்?” என்று நேற்று ராத்திரி கேட்டார் அவள் கணவர் ராமசேஷன்.

கேலியாகத்தான் கேட்டார். கேலியும் அவருக்கு இப்போதெல்லாம் சரியாக வருவதில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடி மூன்று மாதம் ஆகிறது. இந்த வாரத்துக்குள் ஒரு கையெழுத்தாவது கிடைக்காவிட்டால், திங்கட்கிழமை பெண்ணுக்கு ஸ்கூலில் டி.சி. வாங்கிவிட்டுத் திருச்சிக்கு அவர் அண்ணா வீட்டோடு போய்விடுவதாகப் பேச்சு. அங்கே மன்னி ஒவ்வொரு தடவை சாதம் போடும்போதும் பெருமூச்சு விடுவாள்.

இன்று சனிக்கிழமை. பல்லவன் பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் நடந்தே வந்தவள், இந்த வீட்டு வாசலில் வைத்து முடிவு பண்ணினாள். விழுங்கிவிட வேண்டியதுதான்.

விழுங்கியும் விட்டாள்.

“அப்போ வேணாம் மாமி” என்றாள் ஜஹனாரா.

காமாக்ஷிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையைச் சொன்னால் வேண்டாம் என்கிறார்கள், அது நியாயம். பொய் சொன்னாலுமா வேண்டாம் என்பார்கள்?

விண்ணப்பத்தாளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைக்கும்போது அழுகை முட்டியது. போவதென்னவோ போகிறோம், பொய்யைச் சொல்லிவிட்டு வேறு போவானேன்?

திரும்பினாள்.

“நான் சொன்னது தப்பும்மா. இவ்வளவுன்னு நிச்சயமெல்லாம் ஒண்ணும் கெடையாது. மில்லெல்லாம் நன்னா ஓடினா ஒங்களுக்கும் கூட வரும். ஓடலேன்னா கொறையும். போட்ட பணமே எறங்கினாலும் எறங்கும். மனசுல வெச்சுக்காதீங்கோ.”

ஜஹனாரா எழுந்து வந்துவிட்டாள்.

“எறங்குமா?”

“எறங்கும்.”

“நெசமாவா?”

“சத்தியமா எறங்கும்” என்றாள் காமாக்ஷி. சத்தியம் பண்ணி இப்படி ஒரு சரக்கை யாரும் விற்றிருக்க மாட்டார்கள்.

ஜஹனாராவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “மாமி, மொதல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க!”

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து காமாக்ஷியின் முன்னால் வைத்தாள். உள்ளே, கைக்குட்டையில் முடிந்த நோட்டுகள்.

“எங்க வூட்டுக்காரரு போனப்புறம் அவரு கடைய வித்த பணம். பாங்குல போட்டா வட்டி வரும். வட்டி எங்க மார்க்கத்துல ஆவாது, அதான் சும்மாவே கெடக்குது. நீங்க நிச்சயமா வரும்னு சொன்னீங்களா, அட, இதுவும் வட்டிதான் போலன்னு வுட்டுட்டேன். லாபத்துலயும் நஷ்டத்துலயும் கூட நின்னா அது யாவாரம் மாமி. யாவாரம் எங்க வூட்டுக்காரரு பண்ணதுதானே.”

காமாக்ஷி பேனாவைத் திறந்தாள். முட்டிக்கொண்டு நின்ற அழுகை இப்போது தாராளமாகவே வந்தது, அவளும் தடுக்கவில்லை. திங்கட்கிழமை பெண் ஸ்கூலுக்குப் போவாள். மன்னி திருச்சியில் தனியாகவே பெருமூச்சு விட்டுக்கொள்ளட்டும்.

“மாமி, இன்னும் தாளு கீதா?”

பை நிறைய இருந்தது. ஒன்றுகூடச் செலவாகவில்லையே.

“இந்தச் சந்துல எல்லா வூட்லயும் ஒரு டப்பா கீது” என்ற ஜஹனாரா, போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள். வெளியே பொதுக் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள்.

“வஜீஹா! ஜஹீதா! கொடத்த வச்சிட்டு ஓடியாங்கடி” என்று குரல் கொடுத்தாள். “எறங்குமாம்!”