தூணுக்குள் இருந்தவன்

"இன்னும் இறுக்குண்ணே" என்றான் சுப்பராயன்.

மாசிலாமணி முழங்காலால் முட்டுக்கொடுத்து, அவன் இடுப்புக் கயிற்றை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டான். கட்டுமரம் கட்டுகிற கயிறு. வழக்கமாக ஒரு முடிச்சுதான், இந்த வருஷம் இரண்டு.

"மூச்சு வுட முடியுதா?"

"அத்தப் பத்தி உனக்கின்னா? அவுந்துக்கப் போவுது, பாத்துக்கோ."

விடிந்துகொண்டிருந்தது. சாந்தோம் கடற்கரைக் குப்பத்தின் கூத்துக் கொட்டகையில் கியாஸ் லைட்டுகள் வெளிறத் தொடங்கியிருந்தன. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து டிராம் ஏறி வந்தவர்கள்கூட எழுந்து போகவில்லை. இரணியன் சாவதைப் பார்க்காமல் யார் போவார்கள்? அதுவும் இந்த வருஷம்.

நரசிம்ம முகத்தைக் கட்டுகிறவன்மேல் சாமி இறங்கிவிடும் என்பது குப்பத்தின் நம்பிக்கை. இறங்கிவிட்டால் இரணியன் வேஷக்காரனை நிஜமாகவே கிழித்துப் போட்டுவிடுமாம். அதற்காகத்தான் கயிறு, பின்னாலிருந்து நான்கு பேர் பிடித்துக்கொள்வார்கள்.

நரசிம்மம் சுப்பராயன் வீட்டுக்கு, இரணியன் கங்காதரன் வீட்டுக்கு. பாட்டன் காலத்து ஏற்பாடு அது. மாற்றினால் கடல் மீன் கொடுக்காது என்ற பயத்தில், இந்த வருஷமும் மாற்றச் சொல்லி யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசியில் கங்காதரனும் சுப்பராயனின் தம்பியும் ஒரே கட்டுமரத்தில் போனார்கள். கங்காதரன் மட்டும் திரும்பி வந்தான். "அல அட்ச்சிக்கினு பூட்ச்சு" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை; சுப்பராயனும் ஒன்றும் கேட்கவில்லை.

கங்காதரனின் மனைவி முத்தம்மா கொட்டகையின் பின்பக்கம் வந்து நின்றாள். கயிறு கட்டிய மாசிலாமணியின் தங்கை அவள்.

"அண்ணே, எம் புருசன் உசுரு உங் கையில கீது" என்றாள் சுப்பராயனிடம்.

சுப்பராயன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "எங் கையில இன்னா கீது தங்கச்சி? மூஞ்சி ஏறிட்ச்சின்னா நான் ஏது? எல்லாம் சாமிதான்."

அவளுக்கு அதில் சந்தேகமில்லை. குப்பத்தில் ஒரு நாய்க்குட்டியைக்கூட அதட்டாதவன் அவன். கூத்து வாத்தியார் கோதண்டபாணி வருஷா வருஷம் ஒத்திகையில் தலையில் அடித்துக்கொள்வார். "இன்னாடா இது, மாமியாராண்ட புது மாப்ள வர்ற மாரி வர்றே! யார்மேலயாச்சும் கீற ஆத்திரத்த நெனச்சிக்கினு வாடா!"

இந்த வருஷ ஒத்திகையில் அவர் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மத்தளம் உச்சத்துக்குப் போயிற்று. கங்காதரன் கதையை ஓங்கிக் காகிதத் தூணை அடித்தான். தூண் பிளந்தது.

வெளியே வந்ததைப் பார்த்து முன்வரிசைக் குழந்தைகள் வீறிட்டன. நரசிம்மம் கங்காதரனை வாரி மடியில் கிடத்தியது. இனி அவன் வயிற்றில் செருகியிருக்கும் சிவப்புத் துணியைக் குடலாக உருவ வேண்டும். அதோடு கூத்து முடிந்துவிடும்.

கைகள் வயிற்றுக்குப் போகவில்லை. கழுத்துக்குப் போயின.

"இழுங்கடா! டேய், இழுங்கடா!"

நால்வரும் இழுத்தார்கள். நரசிம்மம் ஒரே உலுக்காக உலுக்கியதில், கயிறு அவர்கள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு நழுவியது. நால்வரும் மணலில் விழுந்தார்கள்.

கங்காதரனின் கிரீடம் உருண்டது. கால்கள் மணலை உதைத்தன. "வுட்று சாமி! புள்ளகுட்டிக்காரன், வுட்று சாமி!" என்று முத்தம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். மத்தளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் உதையும் நின்றது.

இழுத்துப் பிடிக்க யாருமே இல்லாத அந்த நேரத்தில் நரசிம்மத்தின் உடம்பு ஒருமுறை நடுங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. கை மெதுவாகக் கீழே இறங்கிச் சிவப்புத் துணியை உருவியது.

கங்காதரன் இருமினான். கூட்டம் கோவிந்தா போட்டது.

"சாமி மல ஏறிட்ச்சு!" கோதண்டபாணி கற்பூரம் காட்டி, முகத்தின் கட்டை அவிழ்த்து எடுத்தார். சுப்பராயனின் முகம் முழுக்க நனைந்திருந்தது. மணலில் உட்கார்ந்து, கங்காதரனின் கழுத்தில் பதிந்த தடங்களையே பார்த்தான்.

முத்தம்மா புருஷனின் தலையைத் தாங்கியபடி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"வெசனப்படாதண்ணே. உம்மேல இன்னா குத்தம்? சாமி வந்து அமுக்கினா நீ இன்னா பண்ணுவே?"

சுப்பராயன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"சாமி வந்தப்பறந்தான் வுட்டேன், தங்கச்சி."