இரண்டாம் பெஞ்சில் ஓர் இடம்

இரண்டாம் பெஞ்சில் ஒரு பை இருந்தது.

பக்கத்தில் இசக்கிசெல்வி.

உட்கார வந்த ஒருத்தியிடம், "இங்க ஆள் வருது" என்றாள்.

போர்டு முன்னால் நின்ற ஆசிரியைக்கு அது கேட்டது. சாக்பீஸோடு சட்டென்று போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வரப்போகிறவள் யார் என்று அவளுக்குத் தெரியும்.

கனிமலர்.

அப்படி ஒரு மாணவியே கிடையாது என்பதும் தெரியும்.

முதலாண்டுக் கணிதம். மூன்று துறைப் பிள்ளைகளும் ஒரே அரங்கில். அவர்களுக்காக இணையத்தில் ஒரு கலந்துரையாடல் பக்கத்தைத் தொடங்கியது அவள்தான். சந்தேகம் எதுவானாலும் அங்கே கேளுங்கள் என்றாள். பத்து நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பதினோராம் நாள் கனிமலரை உண்டாக்கினாள். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பெண். எல்லாரும் கேட்கக் கூசுகிற கேள்வியைக் கனிமலர் கேட்டாள்.

'லிமிட்டுன்னா என்ன? எனக்கு மட்டும்தான் புரியலியா?'

மறுநாள் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். துறைத்தலைவர் கூட்டத்தில் ஆசிரியையை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இசக்கிசெல்வி கனிமலருக்குத் தனிச்செய்தி அனுப்பத் தொடங்கினாள். முதலில் கணக்கைப் பற்றி. பிறகு விடுதியைப் பற்றி. அறையில் மற்ற மூவரும் அவள் பேசுவதைப் பேசிக்காட்டிச் சிரிப்பதைப் பற்றி. படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று.

கனிமலர் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். போகாதே என்றாள். நானும் உன்னை மாதிரிதான் என்றாள்.

ஆசிரியைக்கு அது பிடித்துமிருந்தது. அவளிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

நேற்று வந்த செய்தி: 'நாளைக்கு உனக்கு இடம் போட்டு வைக்கேன். ரெண்டாவது பெஞ்சு. கண்டிப்பா வா.'

வகுப்பு முடியும்வரை, கதவு அசைந்தபோதெல்லாம் இசக்கிசெல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

மணி அடித்தது. அரங்கம் காலியானது. அந்தப் பெண் மட்டும் முன்னால் வந்தாள்.

"மேம், கனிமலர்னு ஒரு பிள்ள. எந்த டிபார்ட்மெண்டு மேம்? வருவாள்னு நெனச்சேன், வரல. நான் ஏதும் தப்பா எழுதிட்டேனோ என்னமோ."

டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கனிமலரே போய்விட்டால் இவள் எதற்காக இருப்பாள்?

"இசக்கி... கனிமலர் நான்தாம்மா."

பெண் சிரித்தாள். மேம் விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

பிறகு முகம் சுண்டிப்போனது.

"அப்ப, அதெல்லாம் நீங்கதான் படிச்சீங்களா மேம்?"

ஆசிரியை தலையசைத்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் நகர்ந்துவிட்டாள். ஓடவில்லை. அரங்கம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பதுபோல, துப்பட்டாவை இழுத்துவிட்டபடி நடந்து போனாள்.

பிற்பகல், ஆசிரியை கனிமலராக அந்தப் பக்கத்துக்குள் நுழைந்து பார்த்தாள்.

இசக்கிசெல்வியின் செய்திகள் அழிக்கப்பட்டிருந்தன. பதில்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. போகாதே. நானும் உன்னை மாதிரிதான். சாப்பிட்டியா?

ஒரே ஒரு செய்தி அழிபடாமல் இருந்தது. மறந்தாளா, விட்டுவைத்தாளா, தெரியவில்லை.

'மேம்கிட்டயே நேர்ல கேட்ரலாம்னு தோணும். ஆனா அவங்க நம்மளயெல்லாம் நிமிந்துகூட பாக்க மாட்டாங்கல்ல?'

கீழே கனிமலர் எழுதியிருந்தாள்: 'ஆமா.'

அவள் அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டார். காதில் விழாத மாதிரி இருந்தாள்.

பிறகு கனிமலரிலிருந்து வெளியே வந்தாள். தன் பெயரில் நுழைந்தாள். இசக்கிசெல்வியின் பெயரைத் தேடி எடுத்துத் தொட்டாள்.

செய்திப் பெட்டி திறந்தது.

இந்தப் பெயருக்கும் அந்தப் பெயருக்கும் நடுவே இதுவரை ஒரு சொல்கூட இல்லை.